கவனக் குறைவும் அதன் போலிகளும்: நோயையும் மூலிகையையும் பிரித்தறிதல்

காரைக்கால் நகரில் வளரும் ஒரு முஸ்லிம் குழந்தைக்கு ஒரே நாளில் மூன்று அவைகள் உண்டு. வைகறைத் தொழுகைக்குப் பின்னரோ மாலையிலோ குர்ஆன் ஓதும் மதரஸா, பகலில் பள்ளிக்கூடம், எஞ்சிய நேரத்தில் வீடு. சில குழந்தைகளைப் பற்றி இம்மூன்று இடங்களிலும் முறையீடு எழுவதுண்டு. ஓரிடத்தில் அமர்வதில்லை, சொன்னதைச் செவியில் வாங்குவதில்லை, தொடங்கியதை முடிப்பதில்லை, முறை வரும்வரை பொறுப்பதில்லை என்பன அம்முறையீடுகள். வீட்டில் இதனைக் குறும்பு என்பர். பள்ளியில் ஒழுங்கின்மை என்பர். மதரஸாவில் அதபு இல்லை என்பர். கண்ணேறு என்று கருதி ஓதிப் பார்ப்போரும் உளர். நினைவாற்றல் பெருக்கும் மூலிகைச் சாறு என்று விளம்பரப்படுத்தப்படும் புட்டியை வாங்கி ஊட்டுவோரும் உளர்.

இவர்கள் அனைவரும் குழந்தையின் நலம் நாடுவோரே. ஆயினும், கண்ணுக்குத் தெரியும் நடத்தை ஒன்றாக இருக்க, அதன் காரணங்கள் பலவாக இருக்கலாம் என்னும் உண்மை பெரும்பாலும் மறக்கப்படுகிறது. 'கவனக் குறைவு மிகையியக்கக் கோளாறு' என மருத்துவ உலகம் அழைக்கும் நிலை அக்காரணங்களுள் ஒன்று. அதே தோற்றம் காட்டும் வேறு நிலைகள் பத்துக்கு மேல் உள்ளன. இதற்கென நாம் நாடும் மூலிகைகளிலும் பெயரால் ஒன்றாகவும் பொருளால் வேறாகவும் இருப்பவை பல. ஆகவே இத்துறையில் முதற்கடமை மருந்து தேடுவதன்று. ஒன்றைப் போன்ற மற்றொன்றைப் பிரித்தறிவதே முதற்கடமையாகும்.

பிரித்தறியும் மரபு

இந்தப் பிரித்தறியும் கலை நம் அறிவு மரபுக்குப் புதியதன்று. ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) மறைந்த அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸி, பெரியம்மையையும் தட்டம்மையையும் தனித்தனி நோய்களாகப் பிரித்து விளக்கும் நூலை இயற்றினார். இரண்டும் காய்ச்சலோடு தொடங்கி உடலெங்கும் கொப்புளமோ தடிப்போ காட்டுபவை. முதுகுவலி பெரியம்மையில் மிகுதி என்றும், மனக்கலக்கமும் குமட்டலும் தட்டம்மையில் மிகுதி என்றும் அவர் நோயாளிகளின் அருகிருந்து கண்டு எழுதினார். ஒத்த தோற்றமுடைய நோய்களுக்கிடையே வேற்றுமை கூறும் நூல்கள் 'ஃபுரூக்' என்னும் தனி வகையாகவே அரபு மருத்துவத்தில் வளர்ந்தன. ராஸியின் பெயரால் அத்தகைய நூலொன்று வழங்குகிறது. கைரவான் நகரின் இப்னுல் ஜஸ்ஸாரும் அவ்வகையில் எழுதியவர். குழந்தை வளர்ப்பையும் குழந்தை நோய்களையும் பற்றித் தனி நூல் செய்தவரும் அவரே.

மருந்துப் பொருள்களின் நிலையிலும் இதே விழிப்பு இருந்தது. ஒரு செடிக்கு அரபு, கிரேக்கம், சிரியாக், பாரசீகம், இந்திய மொழிகள் ஆகியவற்றில் என்னென்ன பெயர்கள் எனத் தொகுத்தது அல்-பீரூனியின் மருந்தியல் நூல். கி.பி. 1248இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னு அல்-பைத்தார் சுமார் 1,400 தனிமருந்துகளை அகர வரிசையில் விளக்கினார். பெயர் மயங்கினால் மருந்தும் மயங்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அங்காடிகளைக் கண்காணித்த முஹ்தஸிபுக்கான கையேடுகளிலும் மருந்து வணிகர் செய்யும் கலப்படங்களைக் கண்டறியும் வழிகள் இடம்பெற்றன. கவனக் குறைவைப் பற்றிய இன்றைய குழப்பத்திற்கும் இவ்விரு விழிப்புகளும் வேண்டப்படுகின்றன.

கோளாறின் வரலாறும் இலக்கணமும்

கவனக் குறைவை ஒரு மருத்துவப் பொருளாக 1798இல் எழுதியவர் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரிக்டன். 1902இல் இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவில் குறைவில்லாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத குழந்தைகளைக் குறித்துச் சொற்பொழிவாற்றினார். அவர் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என வகுத்தார். ஒழுக்கம் என்னும் அச்சொல் குழந்தையின்மீது சுமத்திய பழி நெடுங்காலம் நீங்கவில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் இதற்குக் கவனக் குறைவுக் கோளாறு என்றும், 1987இல் மிகையியக்கத்தையும் சேர்த்தும் பெயரிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பிலும் 2022 முதல் இப்பெயர் வழக்கிற்கு வந்துள்ளது.

இன்று ஏற்கப்படும் இலக்கணம் 2013ஆம் ஆண்டுக் கையேட்டில் உள்ளது. கவனக் குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், மிகையியக்கத்திற்கும் அவசரச் செயலுக்கும் சேர்த்து ஒன்பது அறிகுறிகள். ஏதேனும் ஒரு பிரிவில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். 17 வயதை எட்டியோருக்கு ஐந்து போதும். அவை ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் காணப்பட வேண்டும். படிப்பையோ உறவையோ வாழ்வையோ உண்மையிலேயே பாதித்திருக்க வேண்டும். வேறொரு நிலையால் அவற்றை இன்னும் பொருத்தமாக விளக்க முடியாதிருக்க வேண்டும். இந்த இறுதி நிபந்தனைதான் ஃபுரூக்.

இக்கோளாறு இரத்தப் பரிசோதனையாலோ மூளைப் படத்தாலோ உறுதி செய்யப்படுவதன்று. விரிவான வரலாறும் நேரிய நோக்கலுமே கருவிகள். இரட்டையர் ஆய்வுகள் இதில் மரபுவழியின் பங்கு சுமார் 74 விழுக்காடு எனக் காட்டியுள்ளன. தாயின் வளர்ப்புக் குறையால் இது வருவதில்லை. கைப்பேசி விளையாட்டில் இரண்டு மணி நேரம் மூழ்கும் பிள்ளைக்கு எப்படிக் கவனக் குறைவு இருக்க முடியும் என்று கேட்பர். உடனுக்குடன் பரிசு தரும் செயல் கவனத்தைத் தானே பிடித்து வைக்கும். பரிசு தொலைவில் இருக்கும் செயலில், தன் முயற்சியால் கவனத்தை நிறுத்தி வைப்பதே இக்குழந்தைகளுக்கு அரிது.

பெண் குழந்தைகள் இங்கே தனித்துக் கூறப்பட வேண்டியவர்கள். துள்ளித் திரியாமல், வகுப்பின் ஓரத்தில் சன்னலைப் பார்த்திருக்கும் சிறுமியைப் பற்றி எவரும் முறையிடுவதில்லை. அடக்கமான பிள்ளை எனப் பாராட்டப்பட்டே அவள் பின்தங்குகிறாள்.

மூன்று அவைகள், மூன்று சாட்சிகள்

ஒன்றுக்கு மேற்பட்ட சூழல் என்னும் நிபந்தனையை நம்மூர் வாழ்வு எளிதாக்குகிறது. வீடும் பள்ளியும் மட்டுமன்றி மதரஸாவும் இங்கே ஒரு சூழல். நாள்தோறும் அதே குழந்தையை, அதே பாயில், அதே ஓதலில் காணும் உஸ்தாதின் சாட்சியம் மருத்துவருக்குப் பெருந்துணையாகும். மூன்றிலும் ஒரே குணம் தென்பட்டால் கோளாறு பற்றிய ஐயம் வலுப்பெறும். பள்ளியில் மட்டும் தென்பட்டால், படிப்பதில் உள்ள இடரையோ அங்குள்ள அச்சத்தையோ முதலில் தேட வேண்டும். வீட்டில் மட்டும் தென்பட்டால், வீட்டின் துயரத்தைத் தேட வேண்டும். மதரஸாவில் மட்டும் தென்பட்டால், அங்கு நிலவும் தண்டனையையும், குழந்தை எத்தனை மணிக்கு எழுப்பப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

முறையான விசாரணையின்றி வினாத்தாள் ஒன்றை மட்டும் நம்புவது போதாது. உலக ஆய்வுகளைத் தொகுத்த 2007ஆம் ஆண்டுக் கணக்கு குழந்தைகளில் 5.29 விழுக்காடு என்றது. 2013இல் வெளியான கோயம்புத்தூர்த் தொடக்கப்பள்ளி ஆய்வு 11.32 விழுக்காடு என்றது. எண்ணிக்கை இவ்வாறு இடத்துக்கிடம் மாறுவதற்கு அளக்கும் கருவியும் அளப்பவரின் பார்வையும் பெரும் காரணங்களாகும்.

வயதும் கண்ணை ஏமாற்றும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2012இல் வெளியான முடிவு சிந்திக்கத்தக்கது. ஆண்டின் கடைசியான டிசம்பரில் பிறந்து, வகுப்பிலேயே இளையவராக அமர்ந்த சிறுவர்கள், சனவரியில் பிறந்த வகுப்புத் தோழரைவிட 30 விழுக்காடு மிகுதியாக இந்நோய்ப் பெயரைப் பெற்றிருந்தனர். சிறுமியரில் அது 70 விழுக்காடு. பதினொரு மாத இளமை நோயாகக் கருதப்பட்டது. சீக்கிரம் பள்ளியில் சேர்ப்பதைப் பெருமையாகக் கருதும் நம் பெற்றோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

ஒத்த தோற்றம், வேறு காரணம்

முதலில் செவியும் கண்ணும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தையின் நடுச்செவியில் நீர் தேங்கினால் கேட்கும் திறன் ஏறியும் இறங்கியும் நிற்கும். அழைத்தால் சில வேளை திரும்பும், சில வேளை திரும்பாது. கரும்பலகை மங்கலாகத் தெரியும் குழந்தையும் பராக்குப் பார்க்கும். இவ்விரு பரிசோதனைகளும் முடியாமல் வேறெதையும் தொடங்கலாகாது.

அடுத்து, வெறித்த பார்வை வலிப்பு. நான்கு முதல் பத்து வயதுக்குள் தொடங்கும் ஒருவகை வலிப்பில் கைகால் உதறல் இல்லை. குழந்தை பத்து நொடிகள் அசையாமல் வெறித்து, பின் ஒன்றுமே நடவாததுபோல் தொடரும். ஒரே நாளில் இது பலமுறை நிகழலாம். ஓதிக்கொண்டிருந்த ஆயத்தின் நடுவே நின்று, இடம் தவறித் தொடரும் குழந்தையை உஸ்தாத் கவனமற்றவன் எனக் கருதக்கூடும். கவனம் சிதறிய குழந்தை தொட்டு அழைத்தால் திரும்பும். வலிப்பில் உள்ள குழந்தை அந்த நொடிகளில் திரும்பாது. மருத்துவர் முன்னிலையில் சில நிமிடங்கள் ஆழ்ந்து மூச்சுவிடச் செய்தும் மூளை மின்னலைப் பதிவு எடுத்தும் இது உறுதி செய்யப்படும். வலிப்புக்கென நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கப்படும் ஃபீனோபார்பிடோன் மருந்தே சில குழந்தைகளை மிகையியக்கத்திற்கு ஆளாக்கும் என்பதும் அறியத்தக்கது.

மூன்றாவது, உறக்கம். 6 முதல் 12 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. வைகறையில் மதரஸா, பகலில் பள்ளி, மாலையில் தனிப்பயிற்சி, வளைகுடாவிலோ பிரான்சிலோ உள்ள தந்தையின் நேரத்திற்கேற்ப இரவில் காணொளிப் பேச்சு என அமையும் நாளில் அது எங்கே கிடைக்கும்? பெரியவர் உறக்கம் குறைந்தால் சோர்வர். குழந்தைகளோ துள்ளுவர். மூக்கடி சதையோ உள்நாக்குச் சதையோ வீங்கிக் குறட்டை விட்டு மூச்சுத் திணறும் குழந்தைக்கும் இரவுறக்கம் முறிந்து பகலில் இதே குணம் தோன்றும்.

நான்காவது, இரத்தமும் இரும்பும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளுள் 67.1 விழுக்காட்டினர் இரத்தசோகையுடையோர். 2004இல் பாரிஸில் கவனக் குறைவுள்ள 53 குழந்தைகளை ஆராய்ந்தபோது, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு அவர்களில் மிகக் குறைவாக இருந்தது. குடற்புழுவும் மண் தின்னும் பழக்கமும் இதனோடு சேர்ந்து வரும். குறை உறுதியானால் மட்டுமே இரும்பு தரல் வேண்டும். மிகை இரும்பு நஞ்சு. தைராய்டு மிகையும் இதே பரபரப்பைத் தருமாதலால் ஐயமிருப்பின் அதனையும் பார்ப்பர்.

ஐந்தாவது, ஈயம். நம் சமூகம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது இது. இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கலாம் என 2020ஆம் ஆண்டு யுனிசெஃப் அறிக்கை மதிப்பிட்டது. ஈயம் சிறுகச் சிறுகக் கவனத்தையும் அறிவையும் அரிக்கும். பழைய வண்ணப்பூச்சு, கலப்பட மஞ்சள்தூள், பழைய மின்கலங்களை உருக்கும் தொழில் ஆகியன அதன் வழிகள். அங்காடியில் கிடைக்கும் சுர்மா பலவும் ஈயக் கந்தகக் கல்லான கலீனாவை அரைத்துச் செய்யப்படுபவை என்பதும் ஆய்வுகளில் கண்டதே. கண்ணிலிருந்து விரலுக்கும் விரலிலிருந்து வாய்க்கும் அது செல்லும். சுர்மா இடுவதன் சிறப்பைப் போற்றுவோர், இடும் பொருள் என்னவென்று அறிந்து இடுதல் கடமை. குழந்தைகளின் கண்ணில் ஈயச் சுர்மா இடுதல் கூடாது.

இறுதியாக, மனத்தின் காயம். 1739 முதல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் முதல் நாள் இந்திய ஆட்சிக்கு வந்த காரைக்காலில், ஆண்கள் கடல் கடந்து பொருள் தேடுவது தலைமுறை வழக்கம். அன்று சைகோன், பின்னர் பாரிஸ், சிங்கப்பூர், வளைகுடா. ஆண்டுக்கொரு முறை வந்து திரும்பும் தந்தையைப் பிரிந்த வாரங்களில் குழந்தை படிப்பில் நிலைகொள்ளாதிருந்தால் அது ஏக்கமாக இருக்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இம்மாவட்டத்தின் கடலோரச் சிற்றூர்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுசென்றது. அத்தகைய பேரிழப்பைக் கண்ட குழந்தை சிறு ஒலிக்கும் துணுக்குறும், உறங்காது, பாடத்தில் நில்லாது. பார்ப்பவருக்கு அது மிகையியக்கமாகத் தோன்றும். கவனக் குறைவுக் கோளாறு குழந்தைப் பருவந்தொட்டு ஆறாக ஓடி வருவது. துயரத்தின் விளைவுக்கோ ஒரு தொடக்க நாள் உண்டு. என்று முதல் என்னும் ஒரு கேள்வி இரண்டையும் பெரும்பாலும் பிரித்துவிடும். ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதி, அச்சம், துயரம், சினம் என உள்ளத்தின் நிலைகளைத் தனித்தனியே வகுத்தது இங்கு நினைக்கத்தக்கது.

எழுத்துகளைப் பிரித்தறிய இயலாத கற்றல் குறைபாடு, புறவுலகில் ஒட்டாத மதியிறுக்கம் ஆகியனவும் போலிகளாகலாம். ஆனால் இவை கவனக் குறைவோடு சேர்ந்தும் வரும். ஒன்றைக் கண்டதும் மற்றொன்று இல்லை என முடிவு கட்டுதல் தவறாகும்.

மூலிகைகளின் பெயர் மயக்கம்

இனி மூலிகைகள். இராமதேவர் யாகோபு என்னும் பெயருடன் அரபகம் சென்று மருந்து நூல்கள் செய்தார் எனச் சித்த மருத்துவ மரபு கூறும். யூனானியும் சித்தமும் நம்மிடையே உறவாடிய இரு ஓடைகள். ஆகவே மூலிகையை நாடும் நம் மக்களை இகழ்வதற்கில்லை. எந்த மூலிகை, எதற்கு, எவ்வளவு என்று கேட்பதே முறை.

நினைவாற்றலுக்குப் பெயர் பெற்றது பிரமி. ஆனால் பிரமி என வழங்கும் செடிகள் இரண்டு. ஒன்று நீர்ப்பிரமி. சதுப்பில் படரும் இதன் இலைகள் சிறியவை, தடித்தவை, எதிரெதிராக அமைந்தவை. பூ வெண்மையோ வெளிர்நீலமோ. மற்றொன்று வல்லாரை. நீண்ட காம்பின் நுனியில் வட்டமான, விளிம்பு பிளவுற்ற தனி இலை. இது கொத்துமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரசலாற்று வாய்க்கால் கரைகளும் வயல் வரப்புகளும் நிறைந்த நம் கழிமுகத்தில் இரண்டும் வளரக்கூடியவை. வடநாட்டுப் பல பகுதிகளில் வல்லாரையையே பிரமி என்பர். ஆகவே பிரமி என்று எழுதிய புட்டியில் எது உள்ளது என்பதைப் பெயரைக் கொண்டு சொல்ல இயலாது. சங்கபுஷ்பி என்னும் பெயர் இன்னும் விரிந்தது. வடபுலத்தின் ஒருவகைத் தாளிக்கொடி, நம் விஷ்ணுகிரந்தி, வேலியில் படரும் நீலச் சங்குப்பூ ஆகிய வெவ்வேறு செடிகளுக்கு அப்பெயர் உரியதாகிறது. யூனானியின் காவ்ஸபானுக்கும் அதே நிலை.

நீர்ப்பிரமியே மிகுதியாக ஆராயப்பட்டது. இலக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் இதன் சாற்றைத் தரப்படுத்தியது. பெரியவர்களில் சுமார் 12 வாரங்களுக்குப் பின் நினைவுகூர்தலில் ஓரளவு மேம்பாடு கண்ட ஆய்வுகள் உண்டு. கவனக் குறைவுள்ள 6 முதல் 14 வயதுச் சிறுவர் 112 பேரிடம் ஆஸ்திரேலியாவில் அதே சாற்றை வெற்று மருந்துடன் ஒப்பிட்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், நடத்தை அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. சில அறிவுத்திறன் சோதனைகளில் மட்டும் நன்மை தென்பட்டது. அதாவது, இது துணையாகலாம், மாற்றாகாது.

குங்குமப்பூ நம்பிக்கையூட்டுகிறது. தெஹ்ரானில் 54 பேரிடம் ஆறு வாரம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் அது மெத்தில்ஃபெனிடேட் மருந்துக்கு ஏறத்தாழ நிகராக இருந்தது. ஆயினும் ஆய்வு சிறிது, காலம் குறுகியது. விலை உயர்ந்த பொருளாதலால் கலப்படமும் மிகுதி. கிங்கோ இலைச்சாறு 2010இல் தெஹ்ரானிலேயே அம்மருந்தைவிடப் பின்தங்கியது. 2008இல் அமெரிக்காவில் 54 குழந்தைகளிடம் எட்டு வாரம் ஆராய்ந்ததில் புனித யோவான் பூண்டு வெற்று மருந்தைவிடச் சிறப்பாக அமையவில்லை. மீன் நெய்யின் ஒமேகா கொழுப்பு சிறிய அளவிலான நன்மை தருவதாகத் தொகுப்பாய்வுகள் கூறும். காரைக்கால் கடற்கரையில் மத்தியும் கானாங்கெளுத்தியும் கிடைக்க, அதற்கெனப் புட்டி தேட வேண்டியதில்லை. வல்லாரைத் துவையலும் அளவோடு உணவாக உண்ணும்போது நன்றே. கழிவு நீர் ஓடும் வாய்க்காலில் பறித்ததாக மட்டும் இருத்தலாகாது.

தீங்கின் பக்கமும் கூறப்பட வேண்டும். பிள்ளை வளர்ப்பான் எனப் போற்றப்படும் வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் விலங்கு ஆய்வுகளில் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968 முதல் உணவில் அதற்குத் தடை உள்ளது. நினைவாற்றல் சாறாக விற்கும் சங்கபுஷ்பி, வலிப்புக்குரிய ஃபெனிடாயின் மருந்தின் இரத்த அளவைக் குறைத்து வலிப்பை மீளச் செய்ததை 1992இலேயே இந்திய மருத்துவர்கள் பதிவு செய்தனர். இரு மயக்கங்களும் ஒருங்கே சேரும் இடம் இதுதான். வலிப்பு என்று அறியாமல் கவனமின்மை எனக் கருதி ஒரு குழந்தைக்குச் சாறு ஊட்டும்போது, உரிய சிகிச்சைக்கான மாதங்கள் வீணாகின்றன. வலிப்புக்கு மருந்துண்ணும் குழந்தைக்கு மருத்துவரிடம் கூறாமல் ஊட்டும்போது அதுவே ஆபத்தாகிறது. மேலும், 2004இல் வெளியான ஆய்வின்படி, பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70இல் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயத்தால் கவனம் குன்றிய குழந்தைக்கு ஈயம் கலந்த மருந்தையே ஊட்டும் அவலம் நேராதிருக்க, உரிமம் பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பை, பட்டம் பெற்ற சித்த அல்லது யூனானி மருத்துவரின் மேற்பார்வையில், குழந்தை மருத்துவருக்குத் தெரிவித்தே தருதல் வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, பள்ளி, மதரஸா, வீடு ஆகிய மூன்றின் நோக்கல்களையும் வாரந்தோறும் குறித்து, பன்னிரண்டு வாரத்தில் பயனில்லையெனில் நிறுத்துதல் நன்று.

செய்யத்தக்கவை

கோளாறு உறுதியானால் அஞ்ச வேண்டியதில்லை. ஆறு வயதுக்குட்பட்டோருக்கு முதற்சிகிச்சை மருந்தன்று. பெற்றோருக்குத் தரப்படும் நடத்தைப் பயிற்சியே அது. சிறு கட்டளை, உடனடிப் பாராட்டு, மாறாத நேர ஒழுங்கு, நீண்ட வேலையைச் சிறு துண்டுகளாக்குதல் ஆகியன அதன் சாரம். ஆறு வயதுக்கு மேல் இதனோடு மருந்தும் சேரலாம். 1944இல் கண்டறியப்பட்ட மெத்தில்ஃபெனிடேட் பத்தில் ஏழு குழந்தைகளுக்கேனும் பயன் தருகிறது. பசி குறைதல், உறக்கம் தள்ளிப்போதல் ஆகியன அதன் பக்கவிளைவுகள் என்பதால் எடையும் உயரமும் தொடர்ந்து அளக்கப்பட வேண்டும். இந்தியாவில் இது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டது. அமீரகத்திற்குள் கொண்டுசெல்ல முன் அனுமதி வேண்டும். விடுமுறைக்குத் தந்தையிடம் செல்லும் குடும்பங்கள் மருந்துச் சீட்டின்றிப் பயணம் செய்தலாகாது. நோன்பு நோற்கும் வயதுப் பிள்ளைக்கு மருந்து வேளையை ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளலாம். தானாக நிறுத்துதல் கூடாது.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தில் பிறந்தது முதல் 18 வயது வரை இலவசமாகக் கண்டறிய வேண்டிய நிலைகளுள் இக்கோளாறும் ஒன்று. காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கி, தேவையெனில் சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரி ஜிப்மர் வரை செல்லலாம். மனநல ஆலோசனைக்கு 2022 முதல் இயங்கும் 14416 என்னும் அரசுத் தொலைபேசியில் தமிழிலும் பேசலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு. கவனக் குறைவு தனிப்பெயராக இல்லை. இரண்டும் உடனிருக்கும் குழந்தைக்குத் தேர்வுச் சலுகை பெற அந்தச் சான்று உதவும்.

மதரஸாக்களும் இதில் பங்கேற்கலாம். அடி நிறுத்தப்பட வேண்டும். ஓதலைப் பத்து நிமிடப் பகுதிகளாக்கி, இடையில் எழுந்து நடக்கவும் நீர் அருந்தவும் விடலாம். பருவமெய்தாத பிள்ளைமீது மார்க்கம் கடமைகளின் சுமையை ஏற்றவில்லை. தொழுகையில் இருந்த நபிகளார் (ஸல்) பேத்தியைத் தோளில் சுமந்ததும், ஸுஜூதில் முதுகேறிய பேரருக்காக அதனை நீட்டியதும் நாம் அறிந்தவை. அமைதி குலைந்த குழந்தையைப் பள்ளிவாசலிலிருந்து விரட்டுவதற்கு அங்கே இடமில்லை.

குழந்தைக்காக ஓதுவதும் இறைஞ்சுவதும் தாயின் உரிமை. அவற்றோடு செவியைச் சோதிப்பதும், இரத்தத்தைப் பார்ப்பதும், உறங்கும் நேரத்தை எண்ணுவதும், தந்தையின் பிரிவைக் கேட்பதும், புட்டியின் பெயரை ஆராய்வதும் சேர வேண்டும். ராஸி இரு நோய்களைப் பிரித்தறியக் காய்ச்சலின் முதல் நாளிலிருந்து நோயாளியின் அருகே அமர்ந்திருந்தார். நம் குழந்தைகளுக்கும் அத்துணைப் பொறுமை கிடைக்குமாயின், தவறான பெயரால் தண்டிக்கப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையும். உண்மையான பெயரை அறிந்தவர்களுக்கு உரிய துணை விரைந்து கிட்டும்.